மூன்றாவது பஞ்சு

மூன்றாவது பஞ்சும் றோஸ் நிறமாகத்தான் வந்தது. சுகிர்தா அதை முதல் இரண்டுக்கும் பக்கத்தில் வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். மதியம் பன்னிரண்டு நாற்பது. நோர்வேயில் பேர்கன் நகரத்தில் ஒரு மியூசியத்தின் மேல்மாடி, பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து திருத்துகிற கூடம். பொறுப்பாளி குன்வொர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள், இரண்டு மணிக்குத்தான் வருவாள். மற்றவர்கள் சாப்பிட இறங்கிவிட்டார்கள். மேசையில் சட்டம் கழற்றி மல்லாக்கக் கிடந்தது ஏலியாஸ் ஃப்ரோஸ்டா என்கிற ஆள் 1857இல் தூரிகையால் கீறின பெரிய படம். ஒரு ஃபியோர்ட், அதாவது மலைகளுக்கு நடுவால் மைல் கணக்காய் நாட்டுக்குள்ளே புகுந்து கிடக்கிற கடல். இடப்பக்கம் கரும்பாறை, வலப்பக்கம் பனி வழிகிற மலை, நடுவில் அந்தி வெயில் விழுந்து றோஸாய்க் கிடக்கிற தண்ணீர். தண்ணீரில் ஒரு சின்ன வள்ளம், வள்ளத்தில் துடுப்புப் போடுகிற ஒருத்தி, அவளுக்கு முன்னால் ஒரு பசுமாடு. இதற்கெல்லாம் மேல் வார்னிஷ் பழுத்து மஞ்சளாய் நிற்கிறது. அந்த மஞ்சளை, குச்சியில் சுற்றின பஞ்சை மருந்தில் தோய்த்து, விரல் நகமளவு விரல் நகமளவாய் எடுப்பதுதான் சுகிர்தாவின் வேலை. வார்னிஷ் என்றால் பஞ்சில் தேத்தண்ணிச் சாயம் மாதிரி மண்ணிறமாய் வரவேண்டும். ஆறு கிழமையாய் அப்படித்தான் வந்தது. றோஸ் என்றால் அது வார்னிஷ் இல்லை, ஓவியன் பூசின நிறம். வள்ளத்துக்கு முன்னால் இரண்டு விரலளவு தண்ணீரில் நூற்றறுபது வருஷத்துக்கு மேலாய் இருந்த அந்தி வெயில் இப்போது இல்லை. அதைச் சுகிர்தா துடைத்துவிட்டாள்.

சரி, நிதானமாய் யோசி, என்று தனக்குத்தானே சொன்னாள். சொன்னாளே தவிர யோசனை ஓடவில்லை, சேற்றில் விட்ட சைக்கிள் மாதிரி நின்ற இடத்திலேயே சில்லுச் சுற்றியது. பரிசோதனை செய்யாமல் இறங்கினாளா? செய்தாள். வானத்து மூலையில் ஒரு சதுரம், பாறையில் ஒரு சதுரம், கரைப்பக்கத் தண்ணீரில் ஒன்று, மூன்றிலும் தேத்தண்ணிச் சாயம்தான். ஊதா விளக்கைப் பிடித்தும் பார்த்தாள், வார்னிஷ் இருந்தால் அதில் பச்சையாய் மினுங்கும், படம் முழுக்க ஒரே பச்சையாய் மினுங்கியது. நடுத் தண்ணீரில் மட்டும் சதுரம் எடுத்துப் பார்க்கவில்லை. ஆர் நினைச்சது, நடுவிலை மட்டும் ஒருத்தன் வேறை வேலை காட்டியிருப்பான் எண்டு? நினைத்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்த பாடம். அந்தக் காலத்தில் கண்காட்சி திறப்பதற்கு முதல் நாளை வார்னிஷ் நாள் என்பார்கள். படங்கள் சுவரில் ஏறின பிறகு ஓவியர்கள் ஏணியும் டப்பாவுமாய் வந்து நிற்பார்கள். பக்கத்துப் படம் பளிச்சென்று எரிந்தால் தன் படம் செத்த மீன் கண்ணாய்த் தெரியுமே என்ற பயத்தில், காய்ந்த வார்னிஷுக்கு மேலேயே கொஞ்ச நிறத்தைப் பிசினில் கலந்து இழுத்துவிடுவார்கள். அதற்கு மேல் பிறகு வந்தவர்கள் இன்னொரு வார்னிஷ் பூசுவார்கள். மேல் வார்னிஷை எடுக்கிற மருந்து அந்த நிறத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும், வார்னிஷும் பிசின்தான், பிசினுக்குப் பிசின் என்ன வித்தியாசம் தெரியும் மருந்துக்கு? பரீட்சைக்கு இதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கினவள் சுகிர்தா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். முதல் பஞ்சு தெரியாமல் பட்டது. அதில் ஒரு குற்றமும் இல்லை, ஆருக்கும் நடக்கும். இரண்டாவது, சரி, உண்மையிலேயே நிறம்தானா என்று பார்க்கிறதுக்கு. அதுவும் பறவாயில்லை. மூன்றாவது. மூன்றாவதுக்கு வந்ததும் யோசனை மெல்ல விலகி ஜன்னல் பக்கம் போய்விட்டது. வெளியே மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ தூறியது. ஒரு கடற்புறா கூரை விளிம்பில் நின்று தன் காலையே பார்த்தது.

தொலைபேசி அதிர்ந்ததும் திடுக்கிட்டுப் போனாள். அம்மா. ஒஸ்லோவிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்குத் தொலைபேசி எடுப்பா, இவள் பதில் சொல்லாவிட்டால் ஆளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தம்பியைப் போட்டு உலுக்குவா. "சாப்பிட்டியே பிள்ளை?" "ஓமம்மா." "என்ன சாப்பிட்டனி?" "பாண்." "உந்தப் பாணைத் திண்டு திண்டு வயித்தைக் கெடுக்காதை. நான் இண்டைக்கு முருங்கைக்காய் வச்சனான், உன்ர தம்பி முகத்தைச் சுழிக்கிறான். என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" "ஒண்டுமில்லை, தடிமன், மூக்கடைப்பு." "இன்னும் அந்த மாட்டுப் படம்தானோ? எனக்கு விளங்கேல்லை, மாட்டை ஏன் வள்ளத்திலை ஏத்தினவங்கள்?" "தெருவில்லையம்மா அப்ப. மலைக்கு அங்காலை மேயவிடக் கொண்டு போறது." "ம். எச்சில் பூசிறதை விட்டிட்டியோ இல்லையோ?" அம்மாவுக்கு அதை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். படத்தின் மேல் படிந்த தூசியை எடுக்க எச்சிலை மிஞ்சின மருந்து இல்லை, குன்வொர் உட்பட எல்லாரும் பஞ்சை நாக்கில் வைத்து எடுத்துத்தான் துடைப்பார்கள் என்று. அன்றைக்கு அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தா. பிறகு, வெள்ளைக்காரன் படிச்சவன், அவன் செய்தால் அதிலை ஏதும் இருக்கும், ஆனால் நீ சாமிப் படம் எதையும் தொட்டிடாதை, என்றா. "விட்டிட்டன் அம்மா." "வேலை நிரந்தரமாக்கிப் போட்டாங்களோ?" சுகிர்தா தட்டைப் பார்த்தாள். "வாற மாதம் சொல்லுவினம்." "உனக்குத் தராமல் ஆருக்குக் குடுக்கிறது. கவனம், ஒண்டிலும் பிழை விட்டிடாதை, கண்டியோ. எங்கடை ஆக்கள் ஒரு பிழை விட்டால் அவங்களுக்கு அது பத்து." வைத்துவிட்டா. அம்மாவுக்கு நாக்கில் சனி என்று தம்பி சொல்வதில் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

ஏழு வருஷமாய் ஒப்பந்தம், ஒப்பந்தம் முடிய இன்னொரு ஒப்பந்தம். வாற மாதம் ஒரு நிரந்தர இடம், அதுக்கு நிற்கிறவர்கள் இரண்டு பேர், அவளும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பெடியனும். பெடியன் நல்லவன், பிழை விடமாட்டான், பெரிய வேலையை யாரும் அவனிடம் கொடுப்பதில்லை. சுகிர்தா எழுந்து தட்டைக் கையில் எடுத்தாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் காலால் மிதித்தால் திறக்கிற குப்பைத் தகரத்துக்குள் போட்டாள். மூடி டக்கென்று விழுந்தது. தான் செய்ததை அவளே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். இவ்வளவு இலேசா? கை எத்தனையோ நாள் பழகின மாதிரிச் செய்துவிட்டதே. அடுத்த படியும் இலேசுதான், அறிக்கையில் ஒரு வரி: நடுத் தண்ணீரில் பழைய தேய்வு, முன்பு யாரோ துடைத்ததாக இருக்கலாம். 1920இல் ஒருவர் தூசி துடைத்தார், 1950இல் ஒருவர் தூசி துடைத்தார், செத்தவர்கள் வந்து சாட்சி சொல்லப் போகிறார்களா. அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று நினைக்கக்கூடாது என்று நினைத்தாள், நினைக்கக்கூடாது என்றால்தானே அது வந்து நிற்கும். அப்பா வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் மீன் வெட்டினவர். கையில் வெட்டுப்பட்டால் அங்கே நீல பிளாஸ்டர்தான் ஒட்டுவார்கள், மீனுக்குள் விழுந்தால் தெரிய வேண்டும் என்று நீலம். ஒருநாள் வேலை முடிகிற நேரம் அப்பாவின் விரலில் பிளாஸ்டரைக் காணவில்லை. பக்கத்தில் நின்ற தெய்வேந்திரம் மாமா, "அண்ணை, வாயைப் பொத்திக்கொண்டு வா, ஆருக்குத் தெரியும்" என்றார். அப்பா போய்ச் சொல்லிவிட்டார். நாலு தொன் மீனைத் திரும்பக் கொட்டி, ஒவ்வொரு துண்டாய் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, முப்பது சனம் வீட்டுக்குப் போகாமல் நின்று தேடினார்கள். கடைசியில் பிளாஸ்டர் அப்பாவின் சப்பாத்துக்குள் கிடந்தது. சாகும்வரை அப்பாவுக்குப் பேர் பிளாஸ்டர் அண்ணை. கலியாண வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். அம்மாதான் சிரிக்கமாட்டா. அந்தச் சிரிப்பு அப்பாவுக்கு உள்ளே எப்படி இருந்தது என்று சுகிர்தா ஒருநாளும் கேட்கவில்லை. இதையெல்லாம் நினைத்தும் தகரத்தைத் திறக்கிற எண்ணம் வரவில்லை. அப்பா தெரியாமல் விட்ட பிழையைத்தான் போய்ச் சொன்னார். தெரிந்து செய்ததை எப்படிச் சொல்வது?

ஆக, சுற்றிச் சுற்றி வாசலுக்கே வந்தாயிற்று. தெரிந்து செய்தது. மூன்றாவது பஞ்சைத் தோய்க்கும்போது அவளுக்கு முழுக்கத் தெரியும். எல்லாம் இந்த ஃப்ரோஸ்டாவில் உள்ள எரிச்சல் என்று ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தாள். எரிச்சல் உண்மைதான். நோர்வேக் கடலையும் மலையையும் கீறிப் பேர் எடுத்த அந்தக் காலத்து ஆட்களில் பாதிப்பேர் இங்கே இருக்கவே இல்லை, ஜெர்மனியில் அறை எடுத்து இருந்தார்கள். கோடையில் இரண்டு மாதம் வந்து, பாறைக்குப் பாறை ஏறிப் பென்சிலால் கீறிக்கொண்டு, திரும்பிப் போய் அங்கே அடுப்படிச் சூட்டில் இருந்து பெரிதாய் வரைந்தார்கள். இந்த மலையையும் அந்தப் பாறையையும் ஒரே படத்தில் கொண்டுவந்து கலியாணம் செய்து வைத்தார்கள். வாங்குகிற ஜெர்மன்காரனின் விறாந்தையில் தொங்க வேண்டும், பார்த்தவுடன் அவன் மனுசி ஆ என்று சொல்ல வேண்டும், அதுக்குத்தான் றோஸ். பேய்க்காட்டுகிற, ஏமாற்றுகிற வேலை. ஆனால் எரிச்சலுக்காக யாரும் மூன்றாவது பஞ்சை எடுப்பதில்லை. முதல் பஞ்சில் மஞ்சளோடு கொஞ்சம் றோஸும் வந்து, ஒரு கணம் மிச்ச றோஸ் கழுவின மாதிரித் துலக்கமாய் நின்றது. வள்ளத்து ஓரத்தில் மெலிந்து, மாட்டின் நிழலில் கொஞ்சம் தடித்து. இரண்டாவதில் அது கரைந்து, அடியில் இருந்து வேறொன்று எழும்பியது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. அந்த நிறம் சுகிர்தாவுக்குத் தெரியும். ஒன்பது வயது, பங்குனி மாதம், அப்பா கூப்பிட்டு நோர்வேக்கு வந்து சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு பஸ். அதுக்கு முதல் அவள் அறிந்த கடல் ஊரில், சண்டைக் காலத்துப் பொலிகண்டிக் கடல். அதன் நிறம் அவளுக்கு ஞாபகமில்லை, கடல் பக்கம் பார்க்காதை என்பது மட்டும்தான் ஞாபகம். கடலிலிருந்து நேவிக்காரன் ஷெல் அடிப்பான், கடற்கரைப் பக்கத்து ஜன்னலை அம்மா பலகை வைத்து அடைத்துவிட்டிருந்தா, தம்பி அழுதால் அவன் வாயைப் பொத்துவது சுகிர்தாவின் வேலை. பஸ் ஒரு வளைவில் திரும்பியது, கடல் வந்தது. அவள் டக்கென்று குனிந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டாள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாய்ப் பார்க்காத அப்பா, மீன் மணக்கிற கையால் அவளைத் தூக்கி ஜன்னலோடு வைத்து, "வடிவாப் பார் பிள்ளை, ரெண்டு பக்கமும் மலை நிக்குது, இதுக்குள்ளை ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். பார்த்தாள். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. அசையாமல் கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள், பயம் எப்போது விட்டது என்று தெரியாமல் விட்டுப்போயிற்று. அதுக்குப் பிறகு எத்தனையோ ஃபியோர்டுகள், எத்தனையோ படங்கள். அந்த நிறம் மாத்திரம் திரும்பக் கிடைக்கவில்லை, தான் கற்பனை பண்ணிக்கொண்டதாக்கும் என்றே முடிவு கட்டியிருந்தாள். இன்றைக்கு ஒரு மூடின வெயிலுக்கு அடியில் விரல் நகமளவு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கவேணும் போல இருந்தது. எடுத்தாள். அவ்வளவுதான் மூன்றாவது பஞ்சின் கதை. இதைக் குன்வொருக்கு எந்த மொழியில் சொல்வது?

குன்வொர் இரண்டு ஐந்துக்கு வந்தாள். அறுபத்திரண்டு வயது, மூக்கில் கொழுவியிருக்கிற கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி, சப்பாத்துச் சத்தமே கேட்காமல் நடக்கிறவள். சுகிர்தா எழுந்து நின்றாள், இந்த நாட்டில் யாரும் யாருக்கும் எழும்புவதில்லை என்று தெரிந்தும். "நான் ஒரு பிழை செய்துவிட்டேன்," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள், சொல்லி இடத்தைக் காட்டினாள். குன்வொர் கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்தாள். பிறகு மைக்ரோஸ்கோப்பை இழுத்து வைத்துப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். அந்த நேரம் முழுக்கச் சுகிர்தா தன் காலணியின் தையலை எண்ணிக்கொண்டிருந்தாள். "ஃப்ரோஸ்டாவின் கைதான்," என்றாள் குன்வொர் கடைசியில். "வார்னிஷ் நாளில் போட்டிருக்கிறார். நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும்தான்." தட்டைப் பார்த்தாள். "ஒரு பஞ்சோடு நிறுத்திவிட்டாய், இல்லையா?" இல்லையா என்று அவள் கேட்டது கேள்வியே இல்லை, தோளில் கை போடுகிற மாதிரி ஒன்று. ஓம், ஆமாம், என்ற சொல் சுகிர்தாவின் வாய்க்குள் தயாராய் இருந்தது, விட்டால் போதும். எவ்வளவு நல்ல மனுசி, எவ்வளவு இலேசான சொல். அந்த ஓமோடு நிரந்தர வேலையும் அம்மாவின் மனநிம்மதியும் கூடவே வரும். அதோடு, இனி இந்தக் கூடத்தில் எந்தப் படத்தைத் தொட்டாலும், தன் கையைத் தானே கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதும் வரும். சுகிர்தா போய்த் தகரத்தின் மூடியை மிதித்துத் திறந்து, இரண்டு பஞ்சையும் எடுத்து வந்து தட்டில் வைத்தாள். "மூன்று," என்றாள். "இரண்டாவது சரிபார்க்க. மூன்றாவது தெரிந்துதான் செய்தேன். அடியில் இருந்த நிறம் எனக்கு வேண்டியிருந்தது." குன்வொர் ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். சுகிர்தா பஸ்ஸைச் சொன்னாள், சீட்டுக்கு அடியில் போனதைச் சொன்னாள். எட்டுப் பத்து வசனம்தான், அதுவும் இலக்கணம் முழுக்கப் பிழை, இருபது வருஷமாய் அவளுக்கு வராத பிழைகள் எல்லாம் வந்தன.

குன்வொர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். அணைக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை, அவர்கள் அப்படி ஆட்கள் இல்லை. "ஒன்று என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்," என்றாள். "தெரியும்." "மூன்றையும் அறிக்கையில் எழுதவேண்டும். உன் வேலை விஷயத்துக்கு அது நல்லதில்லை. நான் உனக்காகக் கதைப்பேன், ஆனால் முடிவு என் கையில் இல்லை. பொய்யாய் நம்பிக்கை தரமாட்டேன்." "தெரியும்," என்றாள் சுகிர்தா மறுபடியும். மதியத்திலிருந்து முதல் தடவையாய் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. குன்வொர் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "மிச்சத் தண்ணீரை இனி யாரும் தொடவேண்டாம். இந்த இடத்துக்கு வெயிலைத் திரும்பப் போடவேண்டும், பிறகு தேவையென்றால் படத்துக்குச் சேதமில்லாமல் கழுவி எடுக்கக்கூடிய நிறத்தால்." "நீங்கள் போடுவீர்கள்தானே?" "நானா? நான் எதைப் பார்த்துப் போட? போட்டோவில் இருப்பது மஞ்சள் கறை. அவர் இந்த இடத்தில் எவ்வளவு போட்டார், வள்ளத்துப் பக்கம் எங்கே மெலிய விட்டார், மாட்டு நிழலில் என்ன செய்தார், இதையெல்லாம் துலக்கமாய்ப் பார்த்தது உலகத்தில் ஒரே ஆள்." அந்த ஆள் தான்தான் என்று சுகிர்தாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. "நாளைக்கு எட்டு மணிக்கு," என்றாள் குன்வொர். "இன்றைக்கு வேண்டாம்." சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய், அறிக்கைத் தாளைத் தேடத் தொடங்கினாள். 

சுகிர்தா கதிரையை இழுத்துப் படத்துக்குக் கிட்டப் போட்டாள். நாளைக்கு எட்டு மணி வரைக்கும் அது அங்கே கிடக்கும், இரண்டு விரலளவு, சுற்றிவர மஞ்சளும் றோஸும் நிற்க நடுவில் பச்சையும் நீலமும் கறுப்பும் இல்லாமல். பிறகு அவளே, தன் கையாலேயே, மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாய் அதை மூடவேண்டும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்வோமா என்று ஒரு எண்ணம் வந்தது, வேண்டாம் என்று விட்டாள். எடுத்தது போதும். குனிந்து பார்த்தாள். கோதாரி விழுவான், என்று ஏலியாஸ் ஃப்ரோஸ்டாவைத் தமிழில் மெதுவாய் ஏசினாள், இவ்வளவு வடிவாக் கீறிப்போட்டு ஏனடா மூடினனி? அந்தக் கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் மற்றப் பக்கம் அவளுக்கு உறைத்தது. மூடினவன்தான் முதலில் கீறினவனும். ஜெர்மனியில் அடுப்படியில் இருந்துகொண்டு ஒருவன் இந்த நிறத்தைக் கற்பனையில் கலக்கமுடியாது. எங்கோ ஒரு கரையில், ஒரு வளைவில், அவனுக்கும் அது முன்னால் வந்து கிடந்திருக்கிறது, அவனும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். முப்பது வருஷமாய்த் தன்னோடு மட்டும் வைத்திருந்த நிறத்துக்கு இன்னொரு ஆள் சாட்சி. சுகிர்தாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. குன்வொர் தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினாள். கண்ணீர் படத்தில் விழுந்துவிடாமல் சுகிர்தா தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, "கண்டனியல்லோ," என்றாள் அவனிடம், "நீயும் கண்டனியல்லோ."